மைக்செட்டுக்காரருக்கு ஒரு கேஸ்

மைக்செட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் யாரையும் பிடிக்கிற அளவுக்கு நாடு கெட்டுப்போய்விடவில்லை. அது என்ன காரணம் என்பது மட்டும் பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. பிடிக்க வந்த இரண்டு பேருக்கும் அது தெரியாது. அவர்களை அனுப்பியவருக்கும் தெரியாது. அனுப்பியவருக்கு உத்தரவு போட்டவர் ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருந்தார்.

அவர்கள் வந்தபோது மேற்படி மைக்செட்டுக்காரர் கடையில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார்கள்.

'வந்துட்டுப் போங்க' என்பதில் 'போங்க' இருந்ததால் அவர் சந்தேகப்படவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மனைவியிடம், "ஆம்ப்ளிபயர் இன்னும் சூடா இருக்கு. ஆறினதும் துணி போட்டு மூடிடு. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மனைவி நிறைமாதமாக இருந்தாள். "வரும்போது பல்பு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஊர் தன் பங்குக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது. அவர் எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டுவார். காலையில் ஆளுங்கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. வயர் அதேதான், மேலே சுற்றுகிற துணி மட்டும் மாறும். யார் என்ன பேசுகிறார்கள் என்பதை அவர் காதில் வாங்குவதே இல்லை. சத்தம் தெளிவாக வருகிறதா, இரைகிறதா என்றுதான் கேட்பார். அப்படி ஒருநாள் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் இடிமுழக்கம் பேசினார். இடிமுழக்கம் என்பது அவருக்கு மேடை கொடுத்த பெயர். வீட்டில் அவர் குரல் எழும்பாது என்பார்கள். அன்றைக்கு அவர் ஆட்சியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். இந்த ஆட்சி ஒரு வாரம் தாங்காது என்று சவால் விட்டார். ஆட்சி தாங்கிவிட்டது. இடிமுழக்கத்தால்தான் தாங்க முடியவில்லை. வாரம் முடிவதற்குள் அதே ஆட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பேச்சு அநாதையாகிவிட்டது. ஆட்சிக்கு எதிராக ஒரு பேச்சு ஊரில் நடந்திருக்கிறது, பேசியவர் ஆட்சியிலேயே இருக்கிறார் என்றால் கணக்கு இடிக்கிறது அல்லவா? யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.

*

கொண்டுபோய் வைத்த இடத்துக்குப் 'பாதுகாப்பு இல்லம்' என்று பெயர். வாசலில் இரும்புக் கதவு, உள்ளே இன்னொரு இரும்புக் கதவு, அதற்குள் வரிசையாக அறைகள். கண்காணிப்பாளர் அவரைக் கைகூப்பி வரவேற்றார்.

"இது ஜெயில் இல்லீங்க. அதை முதல்ல மனசுல வச்சுக்கணும். ஜெயில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். திருடன், பொறுக்கி, குடிச்சுட்டு அடிச்சவன் எல்லாம் அங்கதான் இருப்பான். இங்க இருக்கிற அத்தனை பேரும் ஒரு குத்தமும் செய்யாதவங்க. ஒரே ஒரு குத்தவாளியைக்கூட இங்க வைக்க மாட்டோம். விதி இடம் குடுக்காது."

"அப்படிங்களா" என்றார் மைக்செட்டுக்காரர். அவருக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

"கைதின்னும் சொல்லக் கூடாது. 'பாதுகாக்கப்படுபவர்'னு சொல்லணும்."

"யார்கிட்டேயிருந்துங்க பாதுகாக்கறீங்க?"

"உங்ககிட்டேயிருந்துதான்."

"யாரைங்க?"

"அது ரகசியம்" என்றார் கண்காணிப்பாளர், வருத்தத்தோடு.

இல்லத்தில் உரிமை அலுவலர் என்று ஒருவர் இருந்தார். சட்டம் படித்த, பொறுமைசாலியான மனிதர். காலையில் அறைக்கதவுக்கு வெளியே வந்து நின்று, தொண்டையைச் செருமி, பாதுகாக்கப்படுபவரின் உரிமைகளை வாசிப்பது அவர் வேலை. மழையானாலும் வெயிலானாலும் தவறியதில்லை.

"உரிமை ஒன்று. தான் ஏன் வைக்கப்பட்டிருக்கிறோம் என்பதைப் பாதுகாக்கப்படுபவர் அறிந்துகொள்ளலாம். காரணம் ஒண்ணு இருக்குங்கறதை அறிஞ்சுக்கிட்டீங்களா?"

"அறிஞ்சுக்கிட்டேங்க. அது என்னன்னு..."

"அது காரணத்தோட உள்விவரம். உங்க உரிமை காரணம் வரைக்கும்தான். உரிமை இரண்டு. வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம். கலந்தாலோசிக்கும்போது உங்க விஷயத்தைப் பத்தி மட்டும் பேசக் கூடாது. உரிமை மூன்று. மரியாதையாக நடத்தப்பட வேண்டும்."

மூன்றாவது உரிமை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றப்பட்டது. வார்டர் சாப்பாடு வைத்துவிட்டு, "தயவுசெய்து" என்று சொல்லித்தான் கதவைப் பூட்டுவார். ஒருநாள் அவர் மறந்துபோய் வெறுமனே பூட்டிவிட்டார். விசாரணை வைத்து, மறுபடி கதவைத் திறக்கச் செய்து, "தயவுசெய்து" சொல்லவைத்து, மறுபடி பூட்டச் செய்தார்கள்.

இன்னொரு பெரிய உரிமையும் இருந்தது. மறுஆய்வுக் குழு. அவ்வப்போது கூடி, ஒருவரை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்று பார்க்கும். மூன்று பேர். தலைவர் சொல்வதற்கு ஒருவர் தலையாட்டுவார். அவர் தலையாட்டியது சரிதான் என்று இன்னொருவர் தலையாட்டுவார். மைக்செட்டுக்காரர் குளித்து, தலைவாரி, நம்பிக்கையோடு உள்ளே போனார். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இடிமுழக்கம்.

"வாப்பா தம்பி" என்றார் இடிமுழக்கம் வாய்நிறைய. "எப்படி இருக்கே? உன் மைக்ல பேசினாத்தான் எனக்குப் பேசின திருப்தியே வரும். இப்ப ஒருத்தன் கட்டறான். கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு."

மைக்செட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, உங்களைப் பார்த்ததும்தான் உயிர் வந்துச்சு. அன்னைக்குப் பேசினது நீங்கதானேண்ணே. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"பேசினேன். இல்லேன்னு சொல்லலையே. பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்கு, பேசினேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. மைக் இல்லேன்னா அந்தப் பேச்சு யாருக்குக் கேட்டிருக்கும்? முன்வரிசைக்கு. முன்வரிசையில யாரு? என் மச்சான். அவன் தூங்கிட்டிருந்தான். மூணு தெருவுக்குக் கேக்க வச்சது யாரு?"

மைக்செட்டுக்காரர் யோசித்துப் பார்த்தார். தெளிவாகக் கேட்டது என்று அன்றைக்கே எல்லாரும் பாராட்டியிருந்தார்கள்.

"அதுக்காக இது தண்டனைன்னு நினைச்சுடாதே. நீ செஞ்சதுக்காக உன்னை வைக்கலை. இனிமே ஏதாவது செஞ்சிடுவியோன்னு வச்சிருக்கோம். சரி, இங்க வந்ததுலேர்ந்து ஏதாவது செஞ்சியா?"

"ஒண்ணுமே செய்யலைண்ணே."

இடிமுழக்கம் மற்ற இருவர் பக்கம் பெருமையாகத் திரும்பினார். "பாத்தீங்களா? வைக்கிறது எவ்வளவு நல்லா வேலை செய்யுது. இதைப் போய்ப் பாதியில நிறுத்தலாமா?"

ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் அதற்குத் தலையாட்டினார்.

"ஏதாவது செஞ்சிருந்தேன்னா விட்டிருப்பீங்களாண்ணே?" என்று மைக்செட்டுக்காரர் கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார்.

"செய்யற ஆளை எப்படிப்பா வெளியில விடறது?" என்றார் இடிமுழக்கம்.

*

மனைவி பார்க்க வருவாள். நடுவில் இரண்டு கம்பிவலை, இரண்டுக்கும் இடையில் ஒரு வார்டர் நடக்கிற அளவு சந்து. வலை வழியாகப் பார்த்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அவர் உள்ளே வந்த கொஞ்ச நாளில் பெண் குழந்தை பிறந்தது. அதையும் கட்டம் கட்டமாகத்தான் பார்த்தார். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இரண்டு பல் முளைத்தது எல்லாம் அவருக்கு வலைக்கு அந்தப் பக்கம் நடந்த செய்திகள்.

"வாய் வந்துடுச்சு" என்றாள் மனைவி ஒருநாள்.

"என்ன சொல்லுது?"

"அப்பாங்குது."

மைக்செட்டுக்காரருக்கு நெஞ்சு விம்மியது. "நிஜமாவா? என்னை நினைச்சா?"

மனைவி கொஞ்சம் தயங்கினாள். "சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஜன்னல் வலையைப் பாத்து அப்பாங்குது. கோழிக்கூண்டைப் பாத்தும் அப்பாங்குது. எதிர்வீட்டுல புதுசா கொசுவலைக் கதவு போட்டிருக்காங்க. நேத்து அதுகிட்டப் போய் நின்னுக்கிட்டு, தூக்கு தூக்குன்னு ரெண்டு கையையும் நீட்டுது. அந்த வீட்டுக்காரருக்கு ஒரே சங்கடம்."

அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தை அப்போது வலையைத் தடவிக்கொண்டிருந்தது. வலைக்குப் பின்னால் இருந்தவரை அது கவனிக்கவே இல்லை.

"வக்கீலைப் பாத்தியா?"

"பாத்தேன். என்ன கேஸ்னு கேட்டாரு. கேஸே இல்லீங்கன்னேன். கேஸ் இல்லாம நான் எதுலம்மா ஜாமீன் கேக்கறது, எதுல வாதாடறது, நீ எப்படியாவது ஒரு கேஸ் கொண்டா, மறுநாளே வெளியில எடுக்கறேன்கிறாரு. நான் எங்க போய்க் கேஸ் வாங்கறது? கடையிலயா விக்குது?"

"நேரம் முடிஞ்சுது, தயவுசெய்து" என்றார் வார்டர்.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தனக்கு எது வந்தாலும் வரட்டும், பெற்ற பிள்ளைக்குக் கொசுவலை அப்பாவாகிவிடக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தார்.

இல்லத்துக்கும் பக்கத்து ஜெயிலுக்கும் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். சுவரில் ஓர் ஓட்டை விட்டு, அந்தப் பக்கம் பாதியும் இந்தப் பக்கம் பாதியுமாகக் கட்டியிருந்தார்கள். துணி துவைக்கப் போனால் அந்தப் பக்கத்து ஆட்களோடு பேசலாம். அங்கே பிளேடு என்று ஒருவன் வழக்கமாக வந்துபோவான். பேருந்தில் பை அறுக்கிற தொழில்.

"என்ன மைக்கண்ணே, இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா?" என்றான் பிளேடு, சட்டையைக் கும்மிக்கொண்டே. "போன தடவை பாத்தப்பவும் இதே பனியன்தான். நான் நடுவுல ரெண்டு தடவை வெளியில போயிட்டு வந்துட்டேன்."

"நீ என்ன பண்ணினே?"

"ஒருத்தர் பையில கை வச்சேன். பாத்தா அவரு போலீஸு, லீவுல ஊருக்குப் போயிட்டிருந்தாரு. நம்ம நேரம். நீங்க என்னதான் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைப்பா."

பிளேடு துவைப்பதை நிறுத்திவிட்டு, தீராத வியாதிக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "ஒண்ணுமே பண்ணலையா? அய்யய்ய. அப்ப ரொம்ப நாளாகும்ணே. பண்ணினாத்தானே கேஸு. கேஸுன்னா ஜட்ஜு. ஜட்ஜுன்னா இத்தனை மாசம்னு ஒரு கணக்கு. கணக்குன்னா அதுக்கொரு முடிவு. முதலே போடாம எப்படிண்ணே கணக்கு முடியும்?"

"இப்ப நான் என்ன செய்யணுங்கறே?"

"ஏதாவது பண்ணுங்க. பெருசா வேணாம், நீங்க தொழிலுக்குப் புதுசு. கைக்கு அடக்கமா, சின்னதா ஒண்ணு பண்ணுங்க."

*

வாழ்க்கையில் ஒரு பைசாவுக்கு மின்சாரம் திருடாதவர் மைக்செட்டுக்காரர். கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கிற சக தொழிலாளிகளோடு பேச்சையே நிறுத்தியவர். அப்படிப்பட்டவர் குற்றம் செய்யக் கிளம்பினார்.

முதலில், அரசாங்கச் சொத்துக்குச் சேதம். மதியச் சாப்பாட்டின்போது எழுந்து நின்று, எல்லாரும் பார்க்கும்படி பீங்கான் தட்டைத் தரையில் போட்டு உடைத்தார். கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"கையில பட்டுடுச்சா?"

"இல்லீங்க. வேணும்னே உடைச்சேன். கேஸ் போடுங்க."

"தட்டு பழசுங்க, அதுவா உடைஞ்சிருக்கும்" என்று சொல்லி, அப்படியே எழுதி வைத்தார். மறுநாள் புதுத் தட்டு வந்தது. எவர்சில்வர்.

அடுத்தது திருட்டு. கண்காணிப்பாளர் மேசைக்கடியில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிற பழக்கமுள்ளவர். மைக்செட்டுக்காரர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, டக் டக் என்று சத்தம் வர முற்றத்தை நாலு சுற்று சுற்றினார். கண்காணிப்பாளர் வெறுங்காலோடு வந்து பார்த்தார். பிறகு புகைப்படக்காரரை வரவழைத்தார். 'இல்லத்தில் அதிகாரிகளுக்கும் பாதுகாக்கப்படுபவர்களுக்கும் நிலவும் நல்லுறவு' என்ற தலைப்பில் அந்தப் படம் ஆண்டறிக்கையில் வந்தது. படத்தில் மைக்செட்டுக்காரரின் முகம் தெரியவில்லை. காலணி நன்றாக விழுந்திருந்தது.

கடைசியாக அவர் நேரே உரிமை அலுவலரிடம் போனார்.

"எழுதிக்குங்க சார். நான் ஒரு கொலை பண்ணியிருக்கேன்."

"யாரை?"

அதை அவர் யோசிக்காமல் வந்துவிட்டார். வாயில் வந்த பெயரைச் சொன்னார். "இடிமுழக்கத்தை."

"அவர் உயிரோட இருக்காரே. நேத்து என்னோடதான் டீ குடிச்சாரு."

"அப்ப கொலை முயற்சின்னு போட்டுக்குங்க."

உரிமை அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். "இங்க பாருங்க. உங்களைப் பத்தி எங்ககிட்ட இருக்கிற ஒரே நல்ல விஷயம், நீங்க எதுவும் செய்யலைங்கறதுதான். அதையும் கெடுத்துக்கப் பாக்கறீங்களே. கேஸுன்னா என்னன்னு தெரியுமா? கோர்ட்டுக்கு இழுப்பாங்க. சாட்சி எங்கேம்பாங்க, ஆதாரம் எங்கேம்பாங்க, ஏன் புடிச்சீங்கன்னு எங்களையே நிக்க வச்சுக் கேப்பாங்க. அந்த மாதிரி எடத்துக்கெல்லாம் உங்களை அனுப்ப எனக்கு மனசு வரலை. மனித உரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

மைக்செட்டுக்காரர் அறைக்குத் திரும்பினார். குற்றத்துக்கும் ஒரு கைராசி வேண்டும்போல, தனக்கு அது வாய்க்கவில்லை என்று விட்டுவிட்டார்.

*

அந்த வருஷமும் இல்லத்தில் மனித உரிமை விழா நடத்த ஏற்பாடாயிற்று. சிறப்பு விருந்தினர் இடிமுழக்கம். முந்தின வருஷம் குறைந்த விலைக்கு வாங்கிய மைக்செட் ஒன்று இருந்தது. அதில் யார் பேசினாலும் நாய் ஊளையிடுவதுபோல வரும். போன விழாவில் வரவேற்புரை முடிவதற்குள் தெருநாய்கள் வாசலில் கூடிவிட்டன.

"நம்மகிட்டேயே ஒருத்தர் இருக்கும்போது எதுக்கு வெளியில தேடறது?" என்றார் கண்காணிப்பாளர். மைக்செட்டுக்காரரின் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். அவள் இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர், வயர்ச் சுருள் எல்லாவற்றையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு வந்து இறக்கினாள். உள்ளே விடவில்லை. எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆம்ப்ளிபயரைத் தொட்டதும் மைக்செட்டுக்காரர் பழைய ஆளாகிவிட்டார். அது சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்து, எந்த இடத்தில் மைக் கட்டினாலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"சார், ஸ்பீக்கருக்குப் போலீஸ் பர்மிஷன் வாங்கிட்டீங்களா?"

"யார்கிட்டங்க வாங்கறது? நாமதானே அரசாங்கம்" என்று கண்காணிப்பாளர் சிரித்தார்.

"இருந்தாலும் வாங்கிடறது நல்லதுங்க. பர்மிஷன் இல்லாம நான் கட்டினதே இல்லை."

"கட்டுங்க, கட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

கட்டினார். மைக்செட் தொழிலில் சில விதிகள் உண்டு. குழாயை ஒருபோதும் மேடையைப் பார்த்துக் கட்டக் கூடாது; கட்டினால் போன சத்தமே திரும்பி மைக்குக்குள் வந்து ஊளையிடும். குழாயின் முதுகு மேடைக்கு, வாய் தெருவுக்கு. அவர் கை அதைத் தானாகச் செய்தது. ஏணி போட்டு ஏறி, வாசல் தூண்கள் இரண்டிலும் தெருவைப் பார்த்தாற்போல் ஒவ்வொன்றாகக் கட்டினார். உள்ளே உட்காரப்போகிறவர்கள் இல்லத்து ஊழியர்கள் மட்டும்தான், அவர்களுக்குக் குழாயே தேவையில்லை, தெருவுக்கு இந்த விழாவில் ஒரு வேலையும் இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. மைக் என்றால் தெருவுக்குத்தான்.

இரண்டாவது விதியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இடிமுழக்கமே. ஒருமுறை பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து மைக்செட்டுக்காரர் மைக்கை அணைத்துவிட்டார். மேடையிலிருந்தே வசவு விழுந்தது. "முடிச்சேன்னு உனக்கு யாருய்யா சொன்னது? நான் மேடையை விட்டு எறங்கற வரைக்கும் மைக்கை அணைக்கக் கூடாது." அன்றிலிருந்து அவர் அணைத்ததில்லை.

விழா தொடங்கியது. கண்காணிப்பாளர் வரவேற்றுப் பேசினார். "இந்த இல்லம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே ஒருவர்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தண்டனை இல்லாததால் தண்டனைக் காலம் முடிந்து வெளியேறியவர்களும் இல்லை."

ஊழியர்கள் கைதட்டினார்கள். இடிமுழக்கம் எழுந்தார். நல்ல மைக்கைக் கண்டதும் அவருக்குத் தோள் விரிந்தது.

"உரிமை என்பது என்ன? பொக்கிஷம். பொக்கிஷத்தை யாராவது தெருவிலே போட்டு வைப்பார்களா? பெட்டியிலே வைத்துப் பூட்டித்தான் வைப்பார்கள். இங்கே இருக்கிறவர்களுடைய உரிமைகள் அத்தனையும் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. உரிமையை இங்கேயும் உரியவரை வெளியேயும் பிரித்து வைப்பது முறையா? ஆகவே அவர்களையும் கூடவே வைத்திருக்கிறோம்."

பேச்சு முடிந்து மேடையிலேயே தேநீர் வந்தது. மைக் மேசைமேல் அப்படியே இருந்தது. மைக்செட்டுக்காரர் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் இரையாமல் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான்யா கட்டியிருக்கான்" என்றார் இடிமுழக்கம் கண்காணிப்பாளரிடம். "இவன் எதுக்கு உள்ள இருக்கான்?"

"உங்க பேச்சுக்குத்தாங்கய்யா."

"அது தெரியும். வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப விட்டுட வேண்டியதுதானே?"

"விடலாங்கய்யா. விட்டா, ஏன் புடிச்சீங்கன்னு கேப்பாங்க. உள்ள வச்சிருக்கிற வரைக்கும் ஒருத்தரும் கேக்கறதில்லை. சும்மாவா புடிப்பாங்கன்னு அவங்களே சொல்லிக்கறாங்க."

"அதுவும் சரிதான்." தேநீரை உறிஞ்சுகிற சத்தம். "ஆனா பாவம்யா. அந்தப் பேச்சு என்னுதுகூட இல்லை. மச்சான் எழுதிக் குடுத்தான். பாதி எனக்கே புரியலை. ரெண்டு பக்கத்தை விட்டுட்டுத்தான் படிச்சேன்."

வெளியே முதலில் ஒரு பேருந்து நின்றது. பிறகு பின்னால் வந்தவையும் நின்றன. நடந்து போனவர்கள் நின்றார்கள். ஒருவர் சிரித்தார். அது பரவி, மதில் தாண்டி உள்ளே வந்தது. இடிமுழக்கம் காதைத் தீட்டினார். எதிர்க்கட்டடத்தில் மோதித் திரும்பிய சத்தத்தில் 'விட்டுட்டுத்தான் படிச்சேன்' என்று யாரோ சொன்னது கேட்டது.

"எவன்யா அது, என் குரல்ல பேசறது?" என்றார்.

'என் குரல்ல பேசறது' என்றது தெரு முழுக்க.

அதற்குப் பிறகு நடந்ததையும் தெரு முழுமையாகக் கேட்டது. இடிமுழக்கம் மேடையை விட்டு இறங்கவில்லையாதலால் மைக்செட்டுக்காரர் மைக்கை அணைக்கவில்லை.

"இவன் மேல கேஸ் போடுய்யா."

உரிமை அலுவலருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, கேஸ் மட்டும் வேண்டாம். எப்பவும்போல உள்ள வைக்கிறதை நீட்டிச்சுடலாம்."

"நீட்டிச்சா எவனுக்குத் தெரியும்? ஊரே சிரிக்குது. ஊருக்கே தெரியற மாதிரி தண்டிக்கணும்."

"எந்தச் சட்டத்துலங்கய்யா போடறது? நீங்க பேசினதை நீங்களேதான் பேசியிருக்கீங்க."

மைக்செட்டுக்காரர் மனம் பொறுக்காமல் எழுந்தார். தொழிலில் தன் பெயர் கெட்டுவிடுமோ என்பதுதான் அவர் கவலை. "நான் அப்பவே பர்மிஷன் கேட்டேங்க. சார்தான் வேணாம்னு சொல்லிட்டாரு."

"பர்மிஷன் இல்லையா?" இடிமுழக்கத்தின் குரல் பழைய கம்பீரத்தோடு ஒலித்தது. "பர்மிஷன் இல்லாம ஸ்பீக்கர் கட்டியிருக்கான். போடு கேஸ். இன்னைக்கே போடு. இது என் உத்தரவு."

தெரு கைதட்டியது. இத்தனை பேர் காதுபடப் போட்ட உத்தரவைத் திரும்ப வாங்க வழியில்லை. உரிமை அலுவலர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பேருந்து நிறுத்தத்தில் மனைவி எழுந்து, குழந்தையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு, வக்கீல் வீட்டுக்கு நடந்தாள். கேஸ் கிடைத்துவிட்டது.

*

நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடத்தது. நடுவர் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மாள். அன்றைக்குப் பார்க்க வேண்டிய வழக்குகள் நிறைய இருந்ததால் வேகமாகக் கேட்டார்.

"அனுமதியில்லாம ஒலிபெருக்கி கட்டியிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?"

ஏதாவது ஒன்றைச் செய்தாயா என்று ஒருவர் கேட்க, ஆமாம் என்று சொல்ல வேண்டும் என அவர் எவ்வளவு காலமாக ஏங்கியிருந்தார். "ஒத்துக்கறேங்கம்மா. முழுமனசோட ஒத்துக்கறேன்."

அரசுத் தரப்பில் உரிமை அலுவலர் எழுந்தார். "அம்மா, இவர் நிரபராதி. தயவுசெய்து விடுதலை செய்யணும்."

நடுவர் நிமிர்ந்தார். "நீங்க அரசுத் தரப்புதானே?"

"ஆமாங்கம்மா."

"அப்ப குற்றவாளின்னு நீங்கதானே சொல்லணும்?"

வக்கீல் துள்ளி எழுந்தார். "நான் சொல்றேங்கம்மா. என் கட்சிக்காரர் குற்றவாளி. துளிகூடச் சந்தேகமே இல்லை. மூணு தெரு சாட்சி இருக்கு."

"நிரபராதிதாங்கம்மா" என்றார் உரிமை அலுவலர், கெஞ்சும் குரலில். "அவர் பர்மிஷன் கேட்டிருக்காரு. எங்க பக்கம்தான் தப்பு. அவரைத் தண்டிக்கிறது மனித உரிமை மீறலாயிடும்."

நடுவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிரபராதின்னு நான் சொல்லிட்டா இவர் எங்கே போவார்?"

"இல்லத்துக்குங்கம்மா."

"குற்றவாளின்னு சொன்னா?"

உரிமை அலுவலர் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். வக்கீல் சொன்னார். "வீட்டுக்குங்கம்மா. குற்றம் நிரூபணமானவங்களை அந்த இல்லத்துல வைக்கக் கூடாதுன்னு அவங்க விதியே இருக்கு. சுத்தமான ஆளுங்களை மட்டும்தான் வைப்பாங்க."

நடுவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். முப்பது வருஷ வேலையில் இப்படி ஒன்றை அவர் கேட்டிருக்க மாட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். குற்றம் நிரூபணமாயிற்று. கோர்ட் கலையும்வரை குற்றவாளி கோர்ட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் தண்டனை.

மைக்செட்டுக்காரர் போய்ப் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் எதுவும் இல்லை. குழந்தை அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது. இதுவரை கட்டம் கட்டமாக இருந்தவர் இப்படி முழுசாக வந்து உட்கார்ந்திருப்பது அதற்குப் பிடிபடவில்லை. அவருக்குத் தூக்க வேண்டும்போல இருந்தது. தண்டனை அனுபவிக்கும்போது குழந்தையைத் தூக்கலாமா என்று தெரியாததால், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். யாரிடமாவது கேட்டு, கூடாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அடுத்தடுத்து வழக்குகள் வந்து போயின. வரப்புத் தகராறு, பசுமாடு, செக் மோசடி. ஒவ்வொருவரும் தான் எதுவும் செய்யவில்லை என்று சத்தியம் செய்தபோதெல்லாம் அவருக்கு அவர்களை நினைத்துப் பயமாக இருந்தது.

நடுவர் எழுந்தார். எல்லாரும் எழுந்து நின்று, கலைந்து போனார்கள். இவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். கதவைச் சாத்த வந்த கோர்ட் சேவகர் பார்த்தார்.

"கோர்ட் கலைஞ்சுடுச்சுங்க. நீங்க போலாம்."

"யாரு கூட்டிட்டுப் போவாங்க?"

"யாரும் வர மாட்டாங்க. நீங்களேதான் போகணும்."

அறைக்கு இரண்டு வாசல் இருந்தது. இரண்டும் திறந்திருந்தது. "எந்த வாசல் வழியா?"

"அது உங்க இஷ்டங்க" என்றார் சேவகர்.

மைக்செட்டுக்காரர் அந்த வாசலைப் பார்த்தார், இந்த வாசலைப் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றிருப்பாரோ தெரியாது.

"இப்படியே நின்னுட்டிருந்தா பஸ் போயிடும்" என்றாள் மனைவி. "எனக்குப் பையை எடுக்கணும். புள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்குங்க."